பிரஷர் இறங்கிய பிறகும் பார்வை நரம்பு ஏன் தேய்கிறது? துணைச் செல்களின் சாப்பாட்டுக் கணக்கு

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். அம்மாவுக்கு 68 வயது. வலது கண்ணில் கிளாக்கோமா, அதாவது பார்வை நரம்பு மெல்லத் தேயும் நோய். சொட்டு மருந்து போட்டதில் கண் பிரஷர் (மில்லிமீட்டர் பாதரசக் கணக்கில்) 24-லிருந்து 15-க்கு இறங்கிவிட்டது, ஆனாலும் கடைசியாக எடுத்த இரண்டு ஃபீல்டு டெஸ்டிலும் (பார்வைப் பரப்பை அளக்கும் சோதனை) பார்வை மங்கிய பகுதி கொஞ்சம் பெருத்திருக்கிறது. பார்வை நரம்பைச் சுற்றியிருக்கும் துணைச் செல்களின் வளர்சிதை மாற்றம் கெடுவதுதான் நோயின் "உண்மையான காரணம்" என்று எங்கோ படித்துவிட்டு, அது என்ன, பி3 வைட்டமின் கொடுக்கலாமா, கீட்டோ உணவு (மாவுச்சத்தை மிகவும் குறைத்து கொழுப்பைக் கூட்டிய உணவு) உதவுமா, நன்றாக இருக்கும் இடது கண்ணுக்கும் வந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் கண் மருத்துவர் இல்லை. எலிகளின் பார்வை நரம்பை வைத்துக்கொண்டு சில வருடங்கள் இந்தத் துணைச் செல்களோடு மல்லுக்கட்டிய ஆள், அவ்வளவுதான். அந்த "உண்மையான காரணம்" என்ற சொல்லோடுதான் எனக்கு முதல் சண்டை. பிரஷர் ஒரு கட்சி, வளர்சிதை மாற்றம் எதிர்க்கட்சி என்று யாரும் பிரித்து வைக்கவில்லை. கண்ணுக்குள் இருக்கும் பிரஷர் நரம்பைக் கெடுக்கிற வழிகளில் பெரிய வழி ஒன்று, நரம்பிழைகளுக்குச் சோறு போடும் செல்களின் கணக்கைக் குலைப்பது. அதனால் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இயல்பின் மேல்வரம்பாகச் சொல்லப்படும் 21-க்குள் பிரஷர் இருப்பவர்களுக்கும் கிளாக்கோமா வருவது புது விஷயமும் இல்லை. ஜப்பானின் தஜிமி நகரத்தில் நடந்து 2004-ல் வெளியான ஆய்வில், திறந்த கோண கிளாக்கோமா (கண்ணின் வடிகால் கோணம் திறந்தே இருக்கும் வகை) இருந்தவர்களில் 92 சதவீதம் பேருக்கு பிரஷர் 21 அல்லது அதற்குக் கீழேதான் இருந்தது. ஒருவர் நரம்பு தாங்குகிற அழுத்தத்தை இன்னொருவர் நரம்பு ஏன் தாங்குவதில்லை என்று கேட்டுக்கொண்டு போனால், வந்து நிற்கிற இடங்களில் ஒன்று இந்தச் சாப்பாட்டுக் கணக்கு.

சரி, நரம்பின் அமைப்பிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் நோயின் பாதிக் கதை அந்த அமைப்பிலேயே இருக்கிறது. விழித்திரையில் கேங்லியன் செல்கள் என்று ஒரு வகை உண்டு, ஒரு கண்ணுக்குப் பத்து லட்சத்தைத் தாண்டும். ஒவ்வொன்றும் ஆக்ஸான் என்ற நீண்ட இழை ஒன்றை மூளைக்கு அனுப்புகிறது. இவ்வளவு இழைகளும் விழித்திரையின் மேல் ஊர்ந்து வந்து, ஒரே வட்டத்தில் கூடி, சட்டென்று செங்குத்தாகத் திரும்பி, லேமினா கிரிப்ரோசா என்ற சல்லடை போன்ற தட்டின் துளைகள் வழியாகக் கண்ணை விட்டு வெளியேறுகின்றன. அதற்கப்புறம் சுமார் 5 சென்டிமீட்டர் நரம்பு, பிறகு மூளை. சல்லடைக்குப் பின்னால்தான் இழைகளுக்கு மயலின் என்ற கொழுப்பு உறை கிடைக்கிறது. கண்ணுக்குள் கிடையாது, இருந்தால் வெளிச்சம் விழித்திரைக்குள் போவதற்கே இடைஞ்சல்.

மயலின் இல்லாத இழையில் மின்சைகை தாவித் தாவிப் போக முடியாது, அங்குலம் அங்குலமாக நகர வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் சோடியம் உள்ளே வரும், அதை மறுபடி வெளியே தள்ள வேண்டும், தள்ளுகிற பம்பு ஏடிபி தின்னும், செல் எனர்ஜிக்குச் செலவழிக்கும் காசு அது. அதனால்தான் சல்லடைக்கு முன்னும் சல்லடைக்குள்ளும் இருக்கும் இழைப்பகுதியில், ஏடிபி தயாரிக்கும் அடுப்புகளான மைட்டோகாண்ட்ரியா குவிந்து கிடக்கின்றன. நரம்பை நீளவாக்கில் வெட்டி, மைட்டோகாண்ட்ரியாவின் நொதியைக் காட்டும் சாயம் போட்டுப் பார்த்தால், மயலின் தொடங்கும் இடம் வரை அடர்த்தியாகவும் அதற்குப் பின்னால் வெளிறியும் தெரியும். கோடு கிழித்த மாதிரி இருக்கும். முதல் முறை பார்க்கும்போது எனக்குச் சாயம் சரியாக ஏறவில்லையோ என்றுதான் தோன்றியது.

இப்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே சல்லடைதான் இரண்டு அழுத்தங்களுக்கு நடுவிலான சுவரும். கண்ணுக்குள் ஒரு அழுத்தம், சுவருக்குப் பின்னால் மூளைத் தண்டுவட திரவத்தின் அழுத்தம், அது பொதுவாகக் கண்ணழுத்தத்தை விடக் குறைவு. வித்தியாசம் கூடினால் தட்டு பின்பக்கமாகக் குழிகிறது. அந்தத் தட்டின் சட்டங்களுக்குள்தான் நுண்ணிய ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன, சட்டம் வளைந்தால் குழாயும் நசுங்கும். எனர்ஜி அதிகமாகத் தேவைப்படுகிற இடமும், சப்ளை எளிதில் தடைபடுகிற இடமும் ஒன்றாக அமைந்துவிட்டன. வாய்க்காலின் கடைமடை மாதிரி. மேலே கொஞ்சம் தண்ணீர் குறைந்தாலும் முதலில் காய்வது அங்கேதான்.

போக்குவரத்துக் கணக்கு இன்னும் வேடிக்கை. மைட்டோகாண்ட்ரியா பெரும்பாலும் விழித்திரையில் இருக்கும் செல் உடலிலிருந்துதான் இழை வழியே சுமந்துகொண்டு போகப்படுகின்றன. சுமக்கிற கைனசின் என்ற மோட்டார் புரதம் ஒரு ஏடிபி செலவழித்து 8 நானோமீட்டர் தூரத்துக்கு ஒரு காலடி வைக்கிறது. கண்ணின் பின்புறத்திலிருந்து நரம்பின் கடைசி வரை 5 சென்டிமீட்டர் என்று வைத்தால், ஒரே மோட்டார் நிற்காமல் போனாலும் 60 லட்சம் காலடிக்கு மேல். இந்தப் போக்குவரத்து கிளாக்கோமாவில் எங்கே மாட்டிக்கொள்கிறது என்பதை 1970-களிலேயே குரங்குகளில் பார்த்துவிட்டார்கள். கண் பிரஷரை ஏற்றியதும் சரக்கெல்லாம் சல்லடைத் தட்டிலேயே தேங்கி நின்றது.

இழைகளின் கதை இது. இனி நீங்கள் கேட்ட துணைச் செல்கள். பொதுவாக இவற்றுக்குக் கிளியா என்று பெயர். பார்வை நரம்பில் முக்கியமாக மூன்று வகை: ஆஸ்ட்ரோசைட், மயலின் சுற்றுகிற ஒலிகோடென்ட்ரோசைட், காவல்காரனும் துப்புரவாளனுமான மைக்ரோக்ளியா. விழித்திரைக்குள் முல்லர் செல் என்று இன்னொன்று.

ஆஸ்ட்ரோசைட்டைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். ரத்தக்குழாய்க்கும் நரம்பிழைக்கும் நடுவில் நிற்பது இதுதான், ஒரு கால் குழாயைச் சுற்றியிருக்கும், கிளைகள் இழைகளைத் தழுவியிருக்கும். சல்லடைத் துளைகளின் உள்சுவர் முழுக்க இவைதான். எலிக்குக் கொலாஜன் சல்லடையே கிடையாது, அந்த இடத்தில் ஆஸ்ட்ரோசைட்டுகளே கைகோத்துச் சல்லடை கட்டி நிற்கின்றன. ரத்தத்திலிருந்து குளுக்கோஸை எடுத்துக்கொண்டு இது பெரும்பாலும் பாதி வழிதான் எரிக்கும். ஒரு குளுக்கோஸுக்கு 2 ஏடிபி எடுத்துக்கொண்டு, மிச்சத்தை லாக்டேட்டாக்கி எம்சிடி என்ற கடத்திப் புரதங்கள் வழியாக வெளியே கொடுத்துவிடும். நரம்பிழை அதை வாங்கித் தன் மைட்டோகாண்ட்ரியாவில் போட்டு முழுக்க எரிக்கும். முழுதாக எரித்தால் ஒரு குளுக்கோஸுக்கு ஏறத்தாழ 30 ஏடிபி, ஆக லாபத்தில் பெரும்பங்கு இழைக்குத்தான். 1994-ல் பெல்லரினும் மாஜிஸ்ட்ரெட்டியும் முன்வைத்த கருத்து இது. மூளையில் நரம்புகள் எந்த அளவுக்கு லாக்டேட்டை நம்பியிருக்கின்றன, எந்த அளவுக்கு நேராகக் குளுக்கோஸையே எடுத்துக்கொள்கின்றன என்று இன்றுவரை அடிதடி நடக்கிறது, நான் அதற்குள் போகவில்லை. பார்வை நரம்பைப் பொறுத்தவரை ஆதாரம் கெட்டியாகவே இருக்கிறது. எலியின் பார்வை நரம்பைத் தனியே எடுத்து, குளுக்கோஸ் இல்லாத திரவத்தில் வைத்தாலும் அது சுமார் 20 நிமிடம் சைகை கடத்திக்கொண்டிருக்கும். இழைகளுக்குள் சொல்லும்படியான சேமிப்பு கிடையாது. அந்த 20 நிமிடமும் ஓடுவது ஆஸ்ட்ரோசைட் தன் குதிரில் போட்டு வைத்திருக்கும் கிளைகோஜனில், அதாவது குளுக்கோஸின் சேமிப்பு வடிவத்தில்.

சோறு போடுவதோடு வேலை முடிவதில்லை. இழைகள் சைகை அனுப்பும்போது வெளியே கொட்டும் பொட்டாசியத்தை இது உறிஞ்ச வேண்டும். ஆக்ஸிஜனேற்றச் சேதத்தைத் தாங்க உதவும் குளுட்டாதையோன் என்ற காப்புப் பொருளுக்கு மூலப்பொருளைக் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் விட என்னை வியக்க வைத்தது குப்பை விஷயம். கேங்லியன் செல்லின் இழைகள் பழுதான மைட்டோகாண்ட்ரியாவைச் சல்லடைப் பகுதியில் வெளியே தள்ளுகின்றன, பக்கத்து ஆஸ்ட்ரோசைட் அவற்றை விழுங்கிச் செரிக்கிறது என்று 2014-ல் எலிகளில் காட்டினார்கள். ஒரு செல் தன் குப்பையைத் தானே அழித்துக்கொள்ளும் என்றுதான் அதுவரை பாடம். விழித்திரைக்குள் முல்லர் செல்லுக்கும் இப்படி ஒரு சுமை உண்டு, நரம்புச் செல்கள் சைகைக்காகச் சிந்திய குளுட்டமேட் என்ற பொருளை எடுத்து ஏடிபி செலவழித்துக் குளுட்டமினாக மாற்றித் திருப்பித் தர வேண்டும். குளுட்டமேட்டை உறிஞ்சும் கடத்தி இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு, பிரஷர் ஏறாமலே கிளாக்கோமா மாதிரியான நரம்புத் தேய்வு வந்தது.

ஒலிகோடென்ட்ரோசைட் வெறும் வயர் உறை என்று நான் படித்த காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். 2012-ல் அது மாறியது. இவையும் எம்சிடி1 வழியாக இழைகளுக்கு லாக்டேட் தருகின்றன, அந்தக் கடத்தியைக் குறைத்தால் மயலின் பார்வைக்கு அப்படியே இருக்க உள்ளே இழை அழிகிறது. 2016-ல் இன்னொன்று தெரிந்தது. இழைகள் வேகமாகச் சைகை அனுப்பும்போது அதை உணர்ந்து, ஒலிகோடென்ட்ரோசைட் தன் மேற்பரப்பில் குளுக்கோஸ் கதவுகளைக் கூட்டிக்கொள்கிறது. அதாவது தேவை பார்த்துக் கொள்முதல்.

இனி நோய். கண்ணழுத்தம் கூடும்போதோ ஏறி இறங்கும்போதோ சல்லடை இழுபடுகிறது, அதைத் தழுவி நிற்கும் ஆஸ்ட்ரோசைட்டும் இழுபடுகிறது. செல்லின் தோலில் பீசோ1, டிஆர்பிவி4 போன்ற இழுவிசையை உணரும் வாய்க்கால்கள் இருக்கின்றன, அவை திறந்து கால்சியம் உள்ளே வருகிறது. அந்தச் செல் உடனே சாகாது, குணம் மாறும். மெல்லிய கிளைகளை உள்ளே இழுத்துக்கொண்டு பருத்து, உள்சட்டகப் புரதங்களை அடுக்கி, சுற்றிலும் கொலாஜன் போன்ற பொருட்களைக் கொட்டிச் சுவரைப் பலப்படுத்தப் பார்க்கும். காயத்துக்குச் செய்கிற மாதிரிதான். கட்டட வேலை என்றால் செலவு, இழைக்குப் போக வேண்டிய குளுக்கோஸின் ஒரு பங்கு இப்போது செல்லின் சொந்தச் செலவுக்குப் போகிறது. கொட்டிய பொருளால் சட்டம் தடிக்கிறது, ரத்தக்குழாய்க்கும் இழைக்கும் நடுவில் ஆக்ஸிஜன் கடக்க வேண்டிய தூரம் கூடுகிறது. கிளாக்கோமா இருந்தவர்கள் இறந்த பின் தானமாகத் தந்த கண்களில், ஆக்ஸிஜன் தட்டுப்பாட்டின் அடையாளமான எச்ஐஎஃப்-1 ஆல்ஃபா புரதம் கூடியிருப்பதை 2004-ல் பதிவு செய்தார்கள்.

இந்த இடத்தில் சிலர் "சுயநல ஆஸ்ட்ரோசைட்" என்று எழுதுவார்கள். எனக்கு அது பிடிக்காது. இடிகிற சுவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே சமைக்கவும் சொன்னால் யாரும் இப்படித்தான் செய்வார்கள்.

அடுத்த கட்டத்தை நன்றாகக் காட்டியது டிபிஏ/2ஜே என்ற எலி வகை. இவற்றுக்கு வயது ஏற ஏற கருவிழிப்படல நிறமி உதிர்ந்து கண்ணுக்குள் இருக்கும் திரவத்தின் வடிகால் அடைபட்டு, தானாகவே கண் பிரஷர் ஏறி கிளாக்கோமா வரும். 2010-ல் இந்த எலிகளின் பார்வை நரம்பை அளந்தபோது, பிரஷரைத் தாங்கிய காலமும் அளவும் கூடக் கூட ஏடிபி குறைவாக இருந்தது. அப்போது எழுந்த கேள்வி நியாயமானது. இழையின் அடுப்பு, அதாவது மைட்டோகாண்ட்ரியா, கெட்டுவிட்டதா? இல்லை விறகு வந்து சேரவில்லையா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

2018-ல் அதே ஆராய்ச்சி வரிசையில் டெனிஸ் இன்மன் குழு இதற்கு ஒரு கெட்டிக்காரத்தனமான சோதனை செய்தது. முதலில், நோய் வந்த எலிகளின் பார்வை நரம்பிலும் மனிதர்களின் பார்வை நரம்பிலும் குளுக்கோஸ் கடத்திகளும் எம்சிடி கடத்திகளும் குறைந்திருப்பதைக் கண்டார்கள். அப்புறம் எலிகளுக்கு 8 வாரம் கீட்டோ உணவு கொடுத்தார்கள். அந்த உணவில் கொழுப்பிலிருந்து உண்டாகும் கீட்டோன்களை எரிக்க மைட்டோகாண்ட்ரியா வேலை செய்தே ஆக வேண்டும், அடுப்பு கெட்டிருந்தால் இந்த உணவில் நிலைமை மோசமாகியிருக்கும். மோசமாகவில்லை. மைட்டோகாண்ட்ரியா பெருகின, குறைந்திருந்த எம்சிடி கடத்திகள் மீண்டன, ஆஸ்ட்ரோசைட்டுகளின் பருமன் குறைந்தது, இழைகள் பிழைத்தன, மூளைக்குச் சைகையும் ஒழுங்காகப் போனது. அடுப்பில் கோளாறு இல்லை, விறகு வரும் கதவு மூடியிருந்தது என்பதுதான் அவர்கள் வந்த முடிவு. நீங்கள் படித்த "துணைச் செல்களின் வளர்சிதை மாற்றம்" என்ற பேச்சுக்குப் பின்னால் இருக்கும் அழுத்தமான ஆதாரங்களில் இது ஒன்று. கீட்டோ உணவு பற்றி உங்கள் காதுக்கு வந்த செய்தியின் மூலமும் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு, இடது கண் பற்றியதற்கு, நேராகத் தொடர்புள்ள ஆய்வு 2020-ல் வந்தது. அமெரிக்காவின் வேண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் டேவிட் கால்கின்ஸ் குழுவினர் எலியின் ஒரு கண்ணில் மட்டும் பிரஷரை ஏற்றினார்கள், மற்ற கண்ணைத் தொடவில்லை. ஆஸ்ட்ரோசைட்டுகள் தனித்தனியாக இருப்பதில்லை, கனெக்சின் 43 என்ற புரதத்தால் ஆன சின்னச் சின்ன ஓட்டைகள் வழியாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரு வலையாக இருக்கின்றன, இரண்டு கண்களின் நரம்புகளும் ஒரு இடத்தில் சந்திக்கவும் செய்கின்றன. அந்த வலை வழியாக, நோயில்லாத நரம்பின் சேமிப்பு நோயுள்ள நரம்பின் பக்கம் போய்க்கொண்டிருந்தது. கைமாற்று! ஆஸ்ட்ரோசைட்டுகளில் கனெக்சின் 43 இல்லாமல் செய்தால் இந்தக் கைமாற்று நின்றுபோனது. கொடுத்த நரம்புக்கும் இது சும்மா வரவில்லை. இருப்பு குறைந்ததால், பிறகு அதற்கே ஒரு நெருக்கடி வந்தால் தாங்கும் திறன் குறைந்திருந்தது. நல்ல மனசுக்காரன் கடன் கொடுத்துவிட்டுத் தன் வீட்டு வைத்தியச் செலவுக்குத் திண்டாடுவது போல. ஒரு செல் வகைக்குள் இப்படியொரு ஏற்பாடு இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை, அந்தக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன்.

அழற்சி பற்றியும் சொல்லிவிட வேண்டும், சுருக்கமாக. மைக்ரோக்ளியா கிளர்ந்து மூன்று சமிக்ஞைகளை வெளியிடும்போது (ஐஎல்-1 ஆல்ஃபா, டிஎன்எஃப், சி1கியூ) ஆஸ்ட்ரோசைட்டுகளில் ஒரு பகுதி நரம்புகளுக்கு விஷமாகும் நிலைக்கு மாறுகின்றன என்று 2017-ல் பென் பாரஸ் ஆய்வகம் காட்டியது. எதைக் கொண்டு கொல்கின்றன என்று தேடிப்போனபோது 2021-ல் கிடைத்த பதில், நீண்ட சங்கிலி கொண்ட நிறைவுற்ற கொழுப்புகள். வளர்சிதை மாற்றத்தின் விளைபொருளே ஆயுதம். கண்ணழுத்தம் ஏற்றிய எலிகளில் இந்த மூன்று சமிக்ஞைகளையும் இல்லாமல் செய்தால் கேங்லியன் செல்கள் பிழைத்தன. டிஎன்எஃப் இன்னொரு வேலையும் செய்கிறது, ஒலிகோடென்ட்ரோசைட்டுகளைக் கொல்கிறது, இழைகளின் சாவு அதற்குப் பின்னால் வருகிறது. அதாவது சல்லடையில் தொடங்கும் தட்டுப்பாடு, பின்பக்கம் மயலின் இருக்கும் பகுதியிலும் சமையல்காரர்களைக் குறைக்கிறது.

இதில் வயது எங்கே வருகிறது? என்ஏடி என்ற மூலக்கூறில். குளுக்கோஸை உடைக்கவும் லாக்டேட்டை இழைக்குள் மறுபடி எரிபொருளாக மாற்றவும் என்ஏடி வேண்டும். வயதாக ஆக விழித்திரையில் அதன் அளவு குறைகிறது. 2017-ல் சைமன் ஜான் குழுவினர், அதே டிபிஏ/2ஜே எலிகளுக்கு நிகோடினமைடு, அதாவது பி3 வைட்டமினின் ஒரு வடிவம், தண்ணீரிலும் உணவிலும் கலந்து கொடுத்தார்கள். மிக உயர்ந்த அளவு கொடுத்தபோது 93 சதவீதக் கண்களில் நரம்புச் சேதம் இல்லை. பி3 பேச்சு எங்கும் பரவியது அதற்குப் பிறகுதான். மனிதர்களிலும் பார்த்தார்கள். 2020-ல் ஆஸ்திரேலியாவில் 57 நோயாளிகளிடம், முதலில் நாளுக்கு 1.5 கிராம், பிறகு 3 கிராம் கொடுத்துப் பார்த்ததில், விழித்திரையின் உள்ளடுக்கு செல்களின் மின் எதிர்வினை ஒரு பகுதியினருக்கு மேம்பட்டது. 2022-ல் அமெரிக்காவில் நிகோடினமைடையும் பைருவேட்டையும் (குளுக்கோஸ் பாதி உடையும்போது வரும் எரிபொருள்) சேர்த்துக் கொடுத்த சிறிய ஆய்வு ஒன்றில், ஃபீல்டு டெஸ்டில் மேம்பட்ட புள்ளிகளின் எண்ணிக்கை மருந்து எடுத்தவர்களுக்குக் கூடுதலாக இருந்தது. இரண்டுமே சில மாதங்கள் நடந்த ஆய்வுகள். கிளாக்கோமா வருடக் கணக்கில் நகரும் நோய். பார்வை இழப்பையே தடுக்கிறதா என்று சொல்ல நீண்ட கால, பெரிய ஆய்வு வேண்டும்.

என் சந்தேக புத்திக்குக் காரணம் உண்டு. மெமன்டைன் என்ற மருந்து விலங்குகளில் கேங்லியன் செல்களை அழகாகக் காப்பாற்றியது. 2000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து இரண்டு பெரிய ஆய்வுகள், வருடக் கணக்கில். கடைசியில் பலன் இல்லை. எலிக்குச் சல்லடைத் தட்டே வேறு மாதிரி என்று மேலே சொன்னேன், அதையும் இதோடு சேர்த்து வைத்துப் படியுங்கள்.

இனி உங்கள் கேள்விகளுக்கு நேரடியாக. பி3: நமக்கு உணவிலிருந்து நாளுக்குத் தேவைப்படுவது 14 முதல் 16 மில்லிகிராம், ஆய்வில் கொடுத்தது 3 கிராம் வரை, ஏறக்குறைய 200 மடங்கு. அந்த அளவில் அது வைட்டமின் என்ற பெயரில் இருக்கும் மருந்து. கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. அம்மாவின் டாக்டருக்குத் தெரியாமல், கல்லீரல் ரத்தப் பரிசோதனை இல்லாமல் தொடங்காதீர்கள். கடையில் நியாசின் என்று கிடைப்பது வேறு வடிவம், முகம் சிவந்து எரியும், அதை இதற்குப் பதிலாக வாங்கிவிடவும் கூடாது. கீட்டோ: 68 வயதில், கண்ணுக்காக மட்டும், ஒரு எலி ஆய்வை நம்பி, நான் என் வீட்டில் யாருக்கும் சொல்ல மாட்டேன். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவராக இருந்தால் இன்னும் வேண்டாம். சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் வகை மாத்திரையோடு கீட்டோ சேர்ந்தால் ரத்தம் அமிலமாகும் ஆபத்து நிஜமானது. சர்க்கரைக்கும் எடை குறைக்கவும் போடும் புதிய ஜிஎல்பி-1 வகை ஊசிகள் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த வகை மருந்து ஒன்று எலிகளில் விஷ ஆஸ்ட்ரோசைட்டுகளைக் குறைத்தது. ஆனால் அதே குடும்பத்தின் செமாகுளுடைடுக்குப் பார்வை நரம்பின் ரத்த ஓட்டம் தடைபடும் வேறொரு நோய் மிக அரிய பக்கவிளைவு என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025-ல் சேர்த்திருக்கிறது, ஆகவே கண்ணுக்காக அந்தப் பக்கம் போக வேண்டாம்.

என்னைக் கேட்டால், இன்றைக்கு கையில் இருக்கிற நல்ல வளர்சிதை மாற்ற மருந்து அதே பழைய பிரஷர் சொட்டுதான். சும்மா சொல்லவில்லை. பிரஷர் இறங்கினால் சல்லடையின் இழுபாடு குறைகிறது, ரத்த ஓட்டம் மீள்கிறது, ஆஸ்ட்ரோசைட்டுக்குக் கட்டட வேலை குறைகிறது. பிரஷரைக் குறைத்த பிறகு விழித்திரையின் மின் எதிர்வினை ஓரளவு திரும்பி வந்த நோயாளிகள் உண்டு. செத்த செல் திரும்பி வராது. பட்டினியில் சுருண்டு கிடந்த செல்தான் எழுந்திருக்கும். ஆக, அப்படிச் சுருண்டு கிடப்பவை சில காலம் உயிரோடுதான் இருக்கின்றன. ஆரம்ப நிலை நோயாளிகளைப் பல வருடம் தொடர்ந்த ஸ்வீடன் ஆய்வில், பிரஷர் ஒவ்வொரு மில்லிமீட்டர் குறைந்ததற்கும் நோய் முற்றும் வாய்ப்பு சுமார் 10 சதவீதம் குறைந்தது. அம்மாவுக்கு 15 போதாமல் இருக்கலாம், 12 தேவைப்படலாம். இலக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் எண்ணாகவே கேளுங்கள்.

அந்த 15 கூட ஒரு காலையில், சொட்டு போட்டு வந்த நாளில் எடுத்த ஒரே ஒரு அளவு. பிரஷர் நாள் முழுக்க ஏறி இறங்கும், பலருக்குப் படுத்திருக்கும் ராத்திரியில் உச்சம். அதே ராத்திரியில் ரத்த அழுத்தம் இறங்கும். அம்மா ரத்தக் கொதிப்பு மாத்திரையைப் படுக்கும் முன் போடுகிறார் என்றால், நரம்பின் கடைமடைக்கு அந்நேரம் ரத்தம் சேராமல் போக இது ஒரு காரணமாகலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், நேரத்தை மாற்றலாமா என்று கண் டாக்டர், ரத்தக் கொதிப்புக்குப் பார்க்கும் டாக்டர் இருவரிடமும் கேளுங்கள். பலத்த குறட்டையும் தூக்கத்தில் மூச்சு நிற்பதும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். தலைகீழாக நிற்கும் ஆசனம் இருந்தால் விட்டுவிடச் சொல்லுங்கள், கண் பிரஷர் அப்போது ஏறக்குறைய இரட்டிப்பாகும். நடைப்பயிற்சி தாராளமாகச் செய்யலாம்.

இடது கண்ணைப் பற்றி. கிளாக்கோமா பெரும்பாலும் இரண்டு கண்ணுக்கும் வருவது, ஒன்றில் முந்தி ஒன்றில் பிந்தி. கைமாற்று ஆய்வு எலியில் நடந்தது, அதை வைத்து அம்மாவின் இடது கண் எவ்வளவு இழந்தது என்று கணக்குப் போட முடியாது. ஆனால் "அந்தக் கண் நன்றாகத்தானே இருக்கிறது" என்று அதன் பரிசோதனையைத் தள்ளிப்போடாமல் இருக்க அது போதுமான காரணம். ஃபீல்டு டெஸ்டில் குறை தெரிவதற்கு முன்பே நரம்பிழைகளில் கணிசமான பங்கு போய்விட்டிருக்கும் என்பதால், இடது கண்ணுக்கும் ஓசிடி ஸ்கேன் எடுத்து இப்போதைய நரம்பிழை அடுக்கின் தடிமனைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வருடம் ஒப்பிட ஒரு எண் வேண்டும்.

அப்புறம், அடுத்த முறை சொட்டு போடும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். பாதி பேருக்கு மருந்து கன்னத்தில்தான் வழிகிறது என்பது என் அனுபவ ஊகம். ஒரு சொட்டு போதும், கண்ணை மூடி மூக்கோர மூலையை விரலால் 2 நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும், இரண்டாவது மருந்து இருந்தால் நடுவில் 5 நிமிடம் விட வேண்டும்.